நான் கட்டிய கம்பி

மாறா,

கடைக்கு என் பெயரை வைக்க வேண்டாம். சனிக்கிழமை நீ வந்திருந்தபோதே இதைச் சொல்லியிருக்கலாம். கைபேசியில் பெயர்ப்பலகையின் படத்தைக் காட்டி, நீலமா பச்சையா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாய். மேலே என் பெயர், கீழே 'கிரைண்டர், மாவு மெஷின் பழுதுபார்ப்பு'. அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை வாசித்தாள். நான் டீ ஆறிவிட்டது என்று சொல்லிச் சமையலறைக்குள் போய், சூடாகவே இருந்த டீயைக் கொட்டிவிட்டு வேறு போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை காலை நான்தான் முதல் சுவிட்சைப் போட வேண்டும் என்றும் சொன்னாய். அதற்கும் நான் சரி என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. நீ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாய். உன் அப்பா அதிகம் பேசாதவர் என்றுதான் நீ சின்ன வயதிலிருந்து நினைத்து வந்திருக்கிறாய். ஏன் பேசுவதில்லை என்று இன்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீ வங்கி வேலையை விட்டதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. உன் தட்டில் சோறு இருக்கும்போதே கைபேசி அதிரும், நீ எழுந்து போவாய், திரும்பி வரும்போது முகம் வேறாக இருக்கும். கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் நின்றுபோனதற்கு உன் மேலதிகாரி உன்னை இருபது பேர் முன்னால் கேட்ட கேள்விகளை மருமகள் ஷாலினி எங்களிடம் சொல்லியிருக்கிறாள். தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்து உன் கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்தபோது, செங்காங்கில் அந்தப் பல் டாக்டர் உன் வாய்க்குள் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று முதலில் கேட்டாராமே. அதன் பிறகுதான் சனி, ஞாயிறுகளில் பழைய கிரைண்டர்களைப் பிரிக்க ஆரம்பித்தாய். அம்மாவின் கிரைண்டர், பிறகு கோயில் சமையற்கட்டில் இரண்டு, பிறகு பஃப்ளோ ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை. கையில் கிரீஸோடு நீ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான், பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு நீ விசிலடிப்பதை நான் கேட்டேன்.

வேலையை விட்ட அன்று சாயங்காலம் பிரியாணிப் பொட்டலங்களோடு கிளமெண்டிக்கு வந்தாய். "அப்பா, ரிசைன் பண்ணிட்டேன்" என்றாய். அம்மா என்னைப் பார்த்தாள். நீ சிரித்துக்கொண்டே, "நீங்க அன்னிக்கே சாவியைத் தூக்கி பாஸ் மேசைல போட்டுட்டு வந்தீங்க. நான் இப்பத்தான் போடுறேன். அவ்வளவுதான்லா" என்றாய். அன்றைக்குப் பிரியாணியைப் பாதியிலேயே மூடி வைத்தேன். வயதாகிவிட்டது, காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்தேன்.

நான் எந்தச் சாவியையும் எந்த மேசையிலும் போடவில்லை, மாறா. அது ஒரு தீபாவளிக்கு உன் சித்தப்பா வீட்டில் நானே சேர்த்துச் சொன்னது. அதற்கு முன்பே அம்மா எல்லோரிடமும், "அவரு யார்கிட்டயும் கைகட்டி நிக்க மாட்டாரு, அதான் விட்டுட்டாரு" என்று சொல்லி வந்தாள். அவள் நம்பியதைச் சொன்னாள். அவள் நம்பும்படி விட்டது நான். உண்மையில் ஒரு பக்கத்துக்குத் தட்டச்சு செய்து, வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி என்று முடித்து, உறையில் போட்டுக் கொடுத்தேன். கடைசி நாளன்று மதியம் கேக் வெட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நீ எந்த அப்பாவைப் பார்த்து வேலையை விட்டாயோ, அப்படி ஒருவர் இருந்ததில்லை.

கிராஞ்சிப் பக்கம் நான் வேலை பார்த்தது மீ நூடுல்ஸ் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை என்பது உனக்குத் தெரியும். பராமரிப்புக்கு நான்தான் சூப்பர்வைசர். உனக்கு ஒன்பது வயது. குடும்ப தினம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களையெல்லாம் அழைத்துப் போனேன். அங்கே உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிய ஒருவர் உனக்கு நினைவிருக்கலாம். உன் சட்டைப் பை நிறைய ரம்புத்தான் பழம் போட்டு அனுப்பினார். அவர் பெயர் கலியமூர்த்தி. திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மாவைத் தகடாக அழுத்தும் உருளை மெஷினில் வேலை. இரண்டு எஃகு உருளைகள், இடையில் ஒரு விரல் போகும் இடைவெளி. மெஷின் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் தேய்கிறது என்று சொல்லிவிடுவார். என்னிடம் வேலை பார்த்தவர்களில் அவரைப் போலக் காது உள்ள ஆளை நான் பார்த்ததில்லை.

அந்த உருளைகளுக்கு மேல் ஒரு மூடி உண்டு. மூடியைத் திறந்தால் மெஷின் நின்றுவிட வேண்டும். அதற்காக ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச். அந்தச் சுவிட்ச் கெட்டுப்போய், மூடி மூடியிருக்கும்போதே மெஷினை நிறுத்திக்கொண்டிருந்தது. மணிக்குப் பத்துத் தடவை. புதிய சுவிட்ச் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அன்றைக்குக் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு பாதிகூட முடியவில்லை. மேலேயிருந்து எனக்கு அரை மணிக்கு ஒருமுறை ஃபோன். உனக்கு வந்ததே, அதே மாதிரிக் குரல்கள். நான் ஒரு துண்டுக் கம்பியை எடுத்து அந்தச் சுவிட்சை அமுக்கிக் கட்டினேன். இனி மூடி திறந்திருந்தாலும் மெஷின் ஓடும். கலியமூர்த்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இது சரிப்படாது. மாவு சிக்குனா நான் கையை உள்ள விட்டுத்தான் எடுக்கணும். மூடி தொறந்தா நிக்கும்னு கை பழகிப்போச்சு" என்றார்.

"மெஷின நிறுத்திட்டு எடு. மூணு நாளைக்குத்தான்" என்றேன்.

"ஞாபகம் வச்சுக்குறேன் சார். ஆனா அவசரத்துல கை ஞாபகம் வச்சுக்காது."

எனக்குக் கோபம் வந்தது. மேலேயிருந்து வந்த கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. "பயமா இருந்தா சொல்லு, வேற ஆளப் போடுறேன்" என்றேன். வேலை அனுமதியில் வந்த ஆளிடம் அந்தச் சொல்லுக்கு, ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றுதான் பொருள் என்று எனக்குத் தெரியும். அவர் மெஷினுக்குப் போனார். இரண்டாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சத்தம் மாறியதை நான் என் மேசையிலிருந்து கேட்டேன். அலறல் கேட்கவில்லை. உருளை ஏதோ கெட்டியான ஒன்றில் மாட்டித் திணறும் சத்தம்தான் கேட்டது. ஓடிப் போய் நிறுத்தினேன். நான்கு விரல்கள் போயின. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அவர் என்னைப் பார்த்து, "நிறுத்த மறந்துட்டேன் சார்" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல.

ஆம்புலன்ஸ் போன பிறகு மேலதிகாரி வந்து கம்பியைப் பார்த்தார். "ஆப்பரேட்டர் கட்டியிருப்பான், இல்லையா?" என்றார். அது கேள்வி இல்லை. நான் தலையசைத்தேன். பிறகு அறிக்கையில் எழுதினேன்: வேகமாக முடிப்பதற்காகத் தொழிலாளி தானே சுவிட்சைக் கட்டினார், மேற்பார்வையாளருக்குத் தெரியாமல். கீழே கையெழுத்துப் போட்டேன். கம்பியை நான் அவிழ்த்து மறைக்கவில்லை, மாறா. அதை அப்படியே விட்டுவிட்டு, கட்டியவர் பெயரை மட்டும் மாற்றினேன்.

மருத்துவமனைக்குப் போனேன். கையைச் சுற்றி ஒரு தலையணை அளவுக்குக் கட்டு. "சார், நான் கட்டலன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டார். "தெரியும். இப்ப அதைப் பேசாத. நான் பாத்துக்குறேன்" என்றேன். இலேசான வேலையாகப் போட்டு வைத்துக்கொள்கிறோம், ஊருக்கு அனுப்ப மாட்டோம் என்றும் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமே இல்லை. அவர் நம்பினார். யார் கேட்டாலும் வாய் திறக்கவில்லை. சட்டப்படி அவருக்கு வர வேண்டிய நஷ்டஈடு வந்தது, வேலை போனது. ஏழு வாரம் கழித்து விமானத்தில் ஏற்றினார்கள். அந்த வாரம் நான் விடுப்பு எடுத்து உங்களை மலாக்காவுக்குக் கூட்டிப் போனேன். அலங்கார ரிக்‌ஷாவில் நீ உட்கார்ந்து சிரிக்கும் படம் இன்னும் நம் ஹாலில் இருக்கிறது. உன் வாழ்க்கையிலேயே நல்ல பயணம் அதுதான் என்று ஷாலினியிடம் ஒருமுறை சொன்னாய். அவருடைய கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று நான் ஓடிய ஓட்டம் அது.

அந்த அறிக்கைக்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். புதிதாக எட்டு பேர் வந்தார்கள், எல்லோரும் நம் ஆட்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு விளக்கம் சொல்ல வேண்டியது என் வேலை. உருளை மெஷின் முன்னால் நின்று மூடியைத் தூக்கிக் காட்டி, "முன்னாடி இருந்த ஆளு இதுல கம்பியைக் கட்டினான், கை போச்சு" என்றேன். ஓர் ஆள் கேட்டார், "அவரு பேரு என்ன சார்?" என்னால் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை. "பேரு எதுக்கு?" என்று கத்திவிட்டுக் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அடுத்த மாதம் கடிதம் கொடுத்தேன். பிறகு டாக்சி.

டாக்சி ஓட்டினால் மறந்துவிடும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஊர்த் தொழிலாளர்கள் கூடும் தேக்காவில் ஆள் ஏறினால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கண்ணாடியில் கையைத்தான் பார்ப்பேன். ஐந்து விரலும் இருந்தால்தான் மூச்சு வரும். செரங்கூன் ரோட்டில் ஒருவர் சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே நடந்து போனதற்காக, பயணியை வைத்துக்கொண்டு இரண்டு தெரு அவர் பின்னால் போயிருக்கிறேன். கடைசியில் அவர் கையை வெளியே எடுத்துச் சில்லறையை எண்ணினார். வேறு யாரோ. நீ தொடக்கக் கல்லூரியில் சேர்ந்த நாள், பட்டம் வாங்கிய நாள், உன் கல்யாணம், எல்லா இடத்திலும் அவர் ஓரத்தில் நிற்பது போல இருக்கும். உன் கல்யாணத்தில் அட்சதை போடக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். அப்பா உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்றார்கள்.

இதையெல்லாம் என்னோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். மூன்று வாரத்துக்கு முன் காக்கி புக்கிட்டில் உன் பட்டறைக்கு வந்தேனே, அன்றைக்கு அது மாறிவிட்டது. சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் ஃபோனில் பேசினார். நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். மாவு பிசையும் மெஷின் அடிக்கடி நிற்கிறது, மூடி சுவிட்ச்தான் காரணம், வார இறுதியில் பெரிய ஆர்டர் இருக்கிறது என்றார். "அத கழட்டி விட்ருங்க தம்பி. ஓடினாப் போதும்." நீ, "சாமான் வர ரெண்டு மூணு நாள் ஆகும்ணே. அதுவரைக்கும் வேணும்னா..." என்று இழுத்தாய். இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. வெளியே போய் லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டேன். அந்த வார்த்தையைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று நினைத்தேன். இருபத்து நான்கு வருடத்தில் நான் கற்றது அவ்வளவுதான் போலிருக்கிறது. திரும்பி வந்தபோது நீ பேசி முடித்திருந்தாய். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. மூன்று வாரமாகக் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை இங்கேயே வைத்துவிட்டு முதலில் அந்தக் கடைக்குப் போ. ஃபோன் போதாது. மூடியை உன் கையால் திறந்து பார். நின்றால் நல்லது. நிற்காவிட்டால் அதைச் சரிசெய்யும் வரைக்கும் அங்கிருந்து நகராதே. மீதியை வந்து படி.

உன்னை விரட்டிய மேலதிகாரி வங்கியோடு நின்றுவிட்டார் என்று நினைக்காதே. சொந்தத் தொழிலில் அவருடைய குரல் உன் வாயிலிருந்து வரும். அவசரம் என்று வாடிக்கையாளர் சொல்வார், சரி என்று நீ சொல்லுவாய், மெஷினுக்குள் கையை விடுவது மூன்றாவது ஆளாக இருப்பான். நீ யாரையாவது வேலைக்கு வைக்கத்தான் போகிறாய். அவர், "இது சரிப்படாது" என்று சொன்னால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடு. பயமா என்று மட்டும் கேட்காதே. நான் கேட்டேன்.

சனிக்கிழமை அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. மறுநாள் மதியம் ரயில் பிடித்து லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கத்துப் புல்வெளியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் திருத்துறைப்பூண்டி ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ கூட்டத்தில் ஒருவர், "கை போன கலியமூர்த்தியா? எங்க தெருதான்" என்று சொல்லி, தன் கைபேசியிலேயே கூப்பிட்டு என்னிடம் நீட்டினார். இத்தனை வருடம் நான் தேடாமல் விட்டவரைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

நான் யார் என்று சொன்னேன். "சார்" என்றார். "நல்லாருக்கீங்களா? ரெண்டு பொண்ணு எனக்கு. பெரியவளக் கட்டிக் குடுத்துட்டேன். ஆடு வளக்குறேன். உங்க பையன் என்ன பண்றாரு?" மெஷின் பழுதுபார்க்கும் கடை வைக்கிறான் என்றேன். "பாத்துப் பண்ணச் சொல்லுங்க" என்றார்.

"கலியமூர்த்தி, அந்தக் கம்பி..."

"விடுங்க சார். நீங்க கட்டுனத நான் கண்ணால பாத்தேன். எனக்கு அது போதும். என் பொண்டாட்டிக்குத்தான் போதல. கம்பெனிலேருந்து வந்த காயிதத்துல நானே கட்டுனதா இருந்துச்சு. எழுதி வந்தத நம்புவாளா, நான் சொல்றத நம்புவாளா? அவசரக்குடுக்கை, குடும்பத்தக் கெடுத்தவன்னு பொண்ணு கல்யாணத்துல, சம்பந்தி வீட்டு முன்னாடியே சொல்லிட்டா. இருங்க, அவகிட்ட குடுக்குறேன். நீங்களே சொல்லிருங்க."

நான் தயாராக இல்லை. அதற்குள் ஒரு பெண் குரல், "யாரு?" என்றது. சொன்னேன். நான்தான் கட்டினேன், உங்கள் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொன்னார், அவரை அதட்டி வேலை செய்ய வைத்தேன், பிறகு அவர் மேலேயே எழுதினேன். புல்வெளியில் என்னைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள். கைபேசியின் சொந்தக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் ஓர் ஆடு கத்திக்கொண்டே இருந்தது. "அப்ப இத்தனை வருசமா நான் வஞ்சதெல்லாம்..." என்று அந்த அம்மா சொன்னாள். என்னிடம் இல்லை, தனக்குத்தானே. பிறகு என்னிடம் கேட்டாள்: "ஒங்க வீட்டுல தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லுங்க. எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியுது. ஒங்க வீட்லயும் தெரியட்டும்."

கலியமூர்த்தி ஃபோனை மறுபடி வாங்கினார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "எழுதிக் குடுங்க சார், கையெழுத்துப் போட்டு. பேசுனது காத்தோட போயிரும்" என்றார். திங்கட்கிழமை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். தபாலில் போட்ட பிறகு அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றேன். மனம் இலேசாகும் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே.

அன்று மதியம் சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும், இடையில் நிறுத்தாமல். அவள் சாவி, மலாக்கா, பதவி உயர்வு, எதைப் பற்றியும் கேட்கவில்லை. நான் முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "எந்தக் கை?"

"வலது" என்றேன்.

பிசைந்த சோறு அவள் விரல்களில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தட்டில் உதறிவிட்டு, எழுந்து போய்க் கையைக் கழுவினாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா